பதினேழுல ஒண்ணு

முதல்லயே சொல்லிடுறேன், தப்பு என்னுதுதான்.

உப்பிலியபுரத்துலேந்து மினி பஸ்ல இருவது நிமிஷம், பச்சமலை அடிவாரம். அஞ்சு கிளாஸுக்கு ரெண்டு ரூம், பதினேழு பிள்ளைங்க, ரெண்டு டீச்சர். அதுல எச்.எம். ஸஹ்ரா மேடம் ரெண்டு வாரம் திருச்சில ட்ரெய்னிங். ஆக நான் ஒருத்திதான். பேரு அறிவுமதி, ஊரு ஸ்ரீரங்கம், வேலைக்கு வந்து ரெண்டு மாசம்.

நாள் பூரா தொண்ட கிழிய கத்துவேன். சாயங்காலம் உப்பிலியபுரத்துல வாடகை ரூமுக்கு வந்தா பேச ஒரு ஆள் கிடையாது. சில நாள் பால் பாக்கெட் கேக்குறதுதான் நான் பேசுற கடைசி வார்த்த. அதனாலயோ என்னவோ, ஸ்கூலுக்கு பதினேழு பேரும் வந்துடணும்னு எனக்கு ஒரு வெறி. தினம் காலைல வாட்டர் டேங்க் படில ஏறுவேன், அங்கதான் சிக்னல் கிடைக்கும். ஆப்புல அட்டெண்டன்ஸ் போடுவேன். பதினேழுக்கு பதினேழுன்னு போட்டா அன்னைக்கு பூரா பறப்பேன். ஊருக்குள்ள ஒரு பிரைவேட் ஸ்கூல் மஞ்ச வேன் வேற வந்து போகும். ஒரு வீட்டுக்காரங்களுக்கு நம்ம மேல கோவம் வந்தாலும் பிள்ளைய அதுல ஏத்திடுவாங்க.

ஆடி மாசம். மூணாவது படிக்கிற செல்லக்கிளி நாலு நாளா வரல.

"ஏன்டா வரல?"

எல்லாம் தரையப் பாக்குதுங்க. ஒருத்தி மட்டும் மெதுவா, "அவ வீட்டுல வேப்பில கட்டிருக்கு டீச்சர்"ங்குறா.

"ஆடி மாசம்டி, எல்லார் வீட்டுலயும்தான் வேப்பில"ன்னு சொல்லிட்டு, சாப்பாட்டு நேரத்துல நானே கிளம்பிட்டேன். சத்துணவு ஜோதி அக்கா பின்னாடியே டீச்சர் டீச்சர்னு கூப்புட்டாங்க. "வந்துடுறேன்க்கா"ன்னு கைய ஆட்டிட்டு ஓடிட்டேன்.

வாசல்ல வேப்பங்கொத்து. தாண்டி உள்ள போனேன். இருட்டா இருந்துச்சு. பாய்ல வேப்பில பரப்பி படுத்திருந்தா. "ஏய் சோம்பேறி, எந்திரி"ன்னு கையப் புடிச்சு தூக்குனேன். கை பூரா கொப்புளம்.

அம்மை.

அவங்க அம்மா தண்ணிக்குடத்தோட வந்து நின்னாங்க. திட்டல. என் கால மட்டும் பாத்தாங்க.

"செருப்போட வந்துட்டீங்களே டீச்சர்."

"எனக்குத் தெரியாதுங்க..."

"படிச்சவங்க. உங்களுக்கு நான் என்னத்த சொல்ல."

அப்படியே ரூமுக்கு போயிருக்கலாம்ல? இல்ல. நேரா ஸ்கூலுக்கு வந்து, ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்க கையப் புடிச்சு 'அ' எழுத வச்சேன். அத நினைச்சாதான் இன்னைக்கும் கூசுது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மணி அடிச்சேன். யாரும் வரல. அம்மை வீட்டுக்குள்ள போனவங்க அடுத்த வீட்டுப் படி ஏறக்கூடாதுங்குறது இந்த ஊரு வழக்கம். நான் அங்கேந்து வந்து ஊருப் பிள்ளைங்க கையவே தொட்டிருக்கேன். ஜோதி அக்கா மட்டும் வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, "அம்மை இறங்கி அவளுக்கு மூணாந்தண்ணி ஊத்துற வரைக்கும் அனுப்ப மாட்டாங்க டீச்சர். அதுக்கப்புறமும் அனுப்புவாங்களான்னு தெரியல. வேன்காரன் வந்து விசாரிச்சுட்டு போயிருக்கான்"னாங்க.

டேங்க் படில ஏறி பூஜ்யம் போட்டேன். உடனே ஸஹ்ரா மேடம் போன்.

"என்னம்மா இது, பூஜ்யம்?"

சொன்னேன்.

"ஜோதிகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு போயிருக்கலாம்லம்மா?" அவ்ளோதான். கத்தியிருந்தாக் கூட நல்லா இருந்துருக்கும்.

ஞாயித்துக்கிழமை பதினெட்டாம் பெருக்கு. எங்க ஊரு அம்மாமண்டபம் படித்துறைக்கு போலாம்னு ஒரு மாசமா பிளான். அம்மாவுக்கு போன் போட்டு நடந்தத சொன்னேன்.

"நீ வராதடி. அக்காவுக்கு ஒம்பதாம் மாசம்."

"எனக்கு சின்ன வயசுலயே வந்துடுச்சுல்லம்மா? இனி வராதுல்ல?"

"ரெண்டு பேர்ல ஒருத்திக்கு வந்துச்சு. உனக்கா அவளுக்கான்னுதான் சரியா ஞாபகம் இல்ல."

சிரிச்சேன். வச்சுட்டு அழுதேன். அன்னைக்கு அக்கா அனுப்புன போட்டோல காவிரி ரெண்டு கரையும் முட்டிட்டு போகுது. நான் ரூம்ல பொட்டலத்துல வாங்குன புளிசாதம் தின்னுட்டு உக்காந்திருந்தேன்.

திங்கள் பூஜ்யம். செவ்வாய் பூஜ்யம். ஆனாலும் போனேன், மணி அடிச்சேன். வெறும் கிளாஸ்ல போர்டுல தேதி எழுதுனேன். சாக்பீஸ் கீச்சுன்னா எதுத்த சுவத்துல பட்டு திரும்பி வருது. பிள்ளைங்க இருக்கறப்ப அந்த சத்தம் எனக்கு கேட்டதே இல்ல.

புதன்கிழமை மத்தியானம் வேலி ஓரம் ஜோதி அக்கா ஒரு தூக்குவாளிய வச்சாங்க. மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயில்ல காஞ்ச தண்ணி.

"செல்லக்கிளிக்கு மூணாந்தண்ணி ஊத்திட்டாங்க. மிச்சத்த அவங்கம்மா உங்களுக்கு குடுத்துவிட்டாங்க."

"கோவமா இருக்காங்களாக்கா?"

"கோவம் இல்லாமயா? ஊத்திக்குங்க."

"நீங்க ஊத்தி விடுறீங்களா?"

ரெண்டு அடி பின்னால போய், "நான் சமைக்கிறவ டீச்சர்"னாங்க.

பின்னாடி அடிபைப்புகிட்ட போய், சுடிதாரோட உக்காந்து நானே தலைல ஊத்திக்கிட்டேன். இலை ஒண்ணு கழுத்துல ஒட்டுச்சு. ஈரத்தோட மினி பஸ்ல போனேன், ரெண்டு பேர் தள்ளி உக்காந்தாங்க.

வியாழக்கிழமை மணி அடிச்சேன். செல்லக்கிளி மட்டும் வந்தா. மூஞ்சில கருப்பு கருப்பா தழும்பு. உள்ள எட்டிப் பாத்தா.

"டீச்சர், எல்லாம் எங்க?"

"பயந்துக்கிட்டு வரல."

"என்னப் பாத்தா, உங்களப் பாத்தா?"

"என்னப் பாத்துதான்."

"எனக்கு பயமில்ல"ன்னு பைய வச்சுட்டு, முதல் வரிசைல உக்காந்துட்டா. டேங்க் படில ஏறி பதினேழுல ஒண்ணுன்னு போட்டேன். அன்னைக்கு கத்தாம பாடம் நடத்துனேன். ஒருத்திக்கு எதுக்கு கத்தணும்?

பிள்ளை ஒண்ணு வந்துடுச்சுல்ல, ஜோதி அக்கா அடுப்பு பத்த வச்சாங்க. பன்னண்டரைக்கு சாம்பார் வாசம் தெரு வரைக்கும் போயிருக்கும் போல. வேலி ஓரம் தட்டு சத்தம். எட்டிப் பாத்தா ஏழு பேரு.

"டீச்சர், இன்னைக்கு முட்ட உண்டுல்ல?"

"உண்டு."

"நீங்க தள்ளி நிக்கணும்னு எங்கம்மா சொல்லுச்சு."

"சரிடா, தள்ளியே நிக்கிறேன்."

மத்த ஒம்பது பேரையும் காணோம். வேன் சத்தம் கேக்குதான்னு காத குடுத்து நின்னேன், கேக்கல. ஏழு பேரும் மரத்தடில உக்காந்து சாப்புட்டாங்க, செல்லக்கிளி நடுவுல. நான் வராண்டால என் டிபன் பாக்ஸோட.

ஆப்புல ஒரு தடவ போட்டா அன்னைக்கு மாத்த முடியாது. அதுல அன்னைக்கு கணக்கு ஒண்ணுதான்.