பழகுகிற மாத்திரை

"ம்மா, தாத்தாவுக்கு இருந்த பழக்கம் உனக்கும் வந்துடுமா?"

சுவேதா இதைக் கேட்டது 2009ஆம் வருடம் ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, தோசைக்குத் தட்டை நீட்டிக்கொண்டே. ஒன்பது வயதுப் பிள்ளை. மலர்க்கொடியின் கையிலிருந்த கரண்டி மாவுப் பாத்திரத்துக்கும் கல்லுக்கும் நடுவில் நின்றுவிட்டது.

"யாரு சொன்னா ஒனக்கு?"

"நீதான் நேத்து அப்பாகிட்ட சொன்ன. மாத்திரை போட்டா பழகிடும், எங்கப்பா மாதிரி ஆயிடுவேன்னு."

அப்பா தங்கராசு செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, வேன் வந்துவிடும், சாப்பிட்டுக் கிளம்பு என்று மட்டும் மகளிடம் சொன்னார்.

பழக்கம் என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் ஒரே ஒரு பொருள்தான். மலர்க்கொடியின் தகப்பனார் பக்கிரிக்குக் குடிப்பழக்கம் இருந்தது. கடலூர் முதுநகரில் இருந்த அவருடைய சிறிய வீட்டின் பரண்மேல், அரிசிச் சாக்குக்குப் பின்னால் அவர் பாட்டிலை மறைத்து வைப்பார். மகள் பார்த்துவிட்டால், இன்றைக்கு மட்டும்தான் என்பார். இருபது வருடம் இன்றைக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டு, சுவேதாவுக்கு ஐந்து வயதாகும்போது ஈரல் கெட்டு இறந்துபோனார். அதனால் மலர்க்கொடி எதற்கும் தன்னை அடிமையாக்கிக்கொள்ளக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள். சனிக்கிழமைகளில் காப்பி குடிக்க மாட்டாள். விரதம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். காப்பி இல்லாமல் இருக்க முடிகிறதா என்று தன்னையே பார்த்துக்கொள்ளும் சோதனை அது.

அப்படிப்பட்டவளுக்குத்தான் சித்திரையில் அந்தப் பயம் வந்தது. செம்மண்டலத்தில் ஒரு பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை அவள். கோடை விடுமுறைக்கு நான்கு நாள் இருக்கும்போது, கரும்பலகையில் ஏழாம் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று மூச்சு அடைத்தது. நெஞ்சு பறை அடிப்பதுபோல் அடித்தது. இதோ செத்துவிடப் போகிறோம் என்று நிச்சயமாகத் தோன்றியது. இதயத்தைச் சோதித்துப் பார்த்தவர்கள் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் ஒன்றுமில்லாதது வாரத்துக்கு மூன்று முறை வந்தது. பள்ளி திறந்த பிறகு பாதி நாள் விடுப்பு. சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் போய்விட்டது, எதிலும் மனம் ஒட்டவில்லை.

இதயத்தைச் சோதித்தவர்களே மன நல டாக்டரைப் பார்க்கச் சொன்னபோது, கடலூரில் வேண்டாம், யாராவது பார்த்துவிடுவார்கள் என்று தங்கராசு பயந்தார். ஒரு மணி நேரம் பஸ்ஸில் போய்ச் சிதம்பரம் கீழ வீதியில் ஒரு கிளினிக்கில் காட்டினார்கள். அக்கம்பக்கத்தில், நடராஜரைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று சொல்லி வைத்தார்கள். கடவுளின் பெயரைச் சொல்லிப் பொய் சொன்னது மலர்க்கொடியை உறுத்தியது. அடுத்த வீட்டுக் கொளஞ்சியம்மாள் வேறு, இவர்கள் திரும்பி வந்து இறங்கும்போது வாசலில் நின்றாள்.

"சிதம்பரமா? எங்களுக்குச் சொல்லாத ரகசியம் அங்க என்னாடி இருக்கு ஒனக்கு?"

வேடிக்கையாகத்தான் கேட்டாள். மலர்க்கொடி சிரித்துவிட்டு உள்ளே போய் முகம் கழுவினாள்.

டாக்டர் காயத்ரி நல்ல மாதிரி. "ஒண்ணுமில்லன்னு நான் சொல்ல மாட்டேன். இருக்கு. ஆனா சரியாயிடும்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே மலர்க்கொடியின் கண் நிறைந்துவிட்டது. இரண்டு மாத்திரை எழுதினார். ஒன்று வெள்ளை, காலையில். இன்னொன்று சின்னது, படுக்கும்போது பாதி. வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். டாக்டர் வேகமாகச் சொல்லிக்கொண்டு போனார்.

"இந்த வெள்ளை மாத்திரை ஒடம்புக்குப் பழக ரெண்டு மூணு வாரம் ஆகும். மொதல்ல கொஞ்சம் வயித்தப் பெரட்டும். அதுவரைக்கும் தாங்குறதுக்குத்தான் சின்னது. பதினாலு நாள் போதும். அப்பறம் என்னை வந்து பாருங்க."

மலர்க்கொடியின் காதில் 'பழக' என்ற சொல் விழுந்தது. அதற்குப் பிறகு டாக்டர் சொன்ன எதுவும் விழவில்லை. திரும்பும் பஸ் புதுச்சத்திரம் தாண்டும்வரை அந்தச் சொல்லையே மனத்துக்குள் புரட்டிக்கொண்டு வந்தாள். உடம்பு மருந்தை ஏற்றுக்கொள்ள நாளாகும் என்று டாக்டர் சொன்னார். வெள்ளை மாத்திரை பழகிவிடும் என்று இவள் கேட்டுக்கொண்டாள். கேட்டது தன் அப்பாவின் சொல்லாக இருந்ததால், மறுபடி விளக்கம் கேட்கக்கூட அவளுக்கு வாய் வரவில்லை.

தெரிந்தவர்கள் இல்லாத இடமாகத் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மருந்துக்கடையில் வாங்கினாள். கடைக்காரர் சாமிக்கண்ணு வெள்ளையில் பத்தும் சின்னதில் ஏழும் கொடுத்தார். நான்கு நாள் வெள்ளை மாத்திரை போட்டாள். டாக்டர் சொன்னபடியே வயிற்றைப் புரட்டியது. படபடப்பும் கொஞ்சம் ஜாஸ்தியானது. சின்ன மாத்திரையோ, பாதி போட்ட அரை மணியில் நெஞ்சின் மேல் ஒரு குளிர்ந்த கையை வைத்ததுபோல் இருந்தது. அவள் முடிவு செய்துவிட்டாள்: பழகுகிற மாத்திரை இந்த வெள்ளைதான், இது வேண்டாம். சின்னது சாது, அது இருக்கட்டும்.

ஐந்தாம் நாளிலிருந்து, அதாவது சுவேதா அந்தக் கேள்வியைக் கேட்ட திங்கட்கிழமையிலிருந்து, வெள்ளையை நிறுத்தினாள். பாதியாக இருந்த சின்னது முழுசானது. பிறகு பள்ளிக்குப் போகும்முன் காலையிலும் ஒரு பாதி. ஏழு மாத்திரை ஒன்பதாம் நாளே தீர்ந்தது. சாமிக்கண்ணுவிடம் போய், பஸ்ஸில் பை கிழிந்து விழுந்துவிட்டது என்றாள். கழுத்தில் தொங்கிய பள்ளி அட்டையைப் பார்த்து, டீச்சர் பொய் சொல்வார்களா என்று அவர் மிச்ச நாளுக்குக் கணக்காக மூன்று கொடுத்தார். அதை இழுத்துப் பிடித்து மூன்று நாள் ஓட்டினாள்.

ஆக, எந்தக் குழியைக் கண்டு அவள் விலகி விலகி நடந்தாளோ, அதன் விளிம்பிலேயே வந்து நின்றாள். கெட்ட எண்ணத்தாலோ ஆசையாலோ வரவில்லை. கேட்டது பாதி, கேட்கக் கூச்சப்பட்டது மீதி.

பதின்மூன்றாம் நாள் மாலை மறுபடி கடைக்குப் போனாள். சாமிக்கண்ணு சீட்டைப் பார்த்துவிட்டு, இதற்கு மேல் டாக்டர் எழுதினால்தான் தர முடியும் என்றார். ஒன்றே ஒன்று, இன்றைக்கு மட்டும் என்று கேட்டாள். அவர் தலையாட்டி மறுத்தார். அப்போது அவள் தன் சுபாவத்துக்கே ஒவ்வாத ஒரு காரியம் செய்தாள். நாலு பேர் நிற்கும்போது, "நீ என்னா பெரிய டாக்டரா? மாத்திரை விக்கிறவந்தான?" என்று கேட்டுவிட்டாள்.

நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் சிரித்தார். சாமிக்கண்ணுவுக்கு அறுபது வயது இருக்கும். அவர் முகம் ஒரு நொடி சுருங்கியது. பிறகு கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த தன் ஸ்டூலை எடுத்து வெளியே போட்டார்.

"ஒக்காருங்க டீச்சர். நான் டாக்டர் இல்லதான். ஆனா ஒண்ணு கேக்கறேன். அந்த வெள்ளை மாத்திரை பத்துதான் வாங்கிட்டுப் போனீங்க. தீந்து மூணு நாள் ஆயிருக்கணும். ஏன் வாங்க வரல?"

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. மலர்க்கொடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். தான் இப்போது கேட்ட 'இன்றைக்கு மட்டும்' யாருடைய குரல் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

சாமிக்கண்ணு காத்திருந்தவர்களைச் சற்றுப் பொறுக்கச் சொன்னார். ஒருவர் முணுமுணுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார். சீட்டிலிருந்த எண்ணுக்குத் தன் செல்போனில் அவரே கூப்பிட்டு டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னார். சின்ன மாத்திரையைச் சட்டென்று முழுக்க நிறுத்தவும் கூடாது, இன்றைக்குக் கொடுங்கள், நாளைக்கு என்னிடம் வரச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். சாமிக்கண்ணு அட்டையிலிருந்து ஒரே ஒரு மாத்திரையை வெட்டிக் கொடுத்தார். தங்கராசுவையும் வரவழைத்து, ஆட்டோ ஏற்றிவிட்டார்.

மறுநாள் சிதம்பரத்தில் டாக்டர் காயத்ரி முதலில் தன்மேல்தான் குறைபட்டுக்கொண்டார். உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும், அவசரப்பட்டுவிட்டேன் என்றார். பிறகு கேட்டார்:

"எதுக்கும் அடிமையாயிடக் கூடாதுன்னு பயந்தீங்க, இல்லையா? அந்தப் பயம் தப்பில்லமா. மாத்திரைதான் மாறிப்போச்சு. ரொம்ப நாள் சாப்ட்டா விட முடியாமப் போறது இந்தச் சின்னதுதான். அதனாலதான் நாள் எண்ணிக் குடுத்தேன்."

"அப்ப அந்த வெள்ளை?"

"அது மெதுவாத்தான் வேல செய்யும். இன்னும் இன்னும்னு கேக்க வைக்காது. ஆனா திடீர்னு நிறுத்துனா ஒடம்பு சங்கடப்படும். நல்லான பிறகும் கொஞ்ச மாசம் சாப்ட்டு, நாம ரெண்டு பேரும் பேசிக் கொறைக்கலாம்."

மலர்க்கொடி தயங்கினாள். பிறகு, இத்தனை நாள் யாரிடமும் கேட்காததைக் கேட்டாள். தன் அப்பாவுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம் என்று.

"அவர் யாருக்கும் சொல்லாம ஏத்திக்கிட்டே போனாரு. நீங்க எனக்கு முன்னால ஒக்காந்து சொல்லிட்டீங்க" என்றார் டாக்டர்.

அன்றைக்கு அவர்கள் உண்மையாகவே கோயிலுக்குப் போனார்கள். சந்நிதியில் நின்று மலர்க்கொடி எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. பொய்யைத் திருப்பிக் கொடுக்க வந்தவள்போல் கைகூப்பி நின்றுவிட்டு வந்தாள்.

சின்ன மாத்திரையைப் பாதி, பிறகு கால் என்று ஐந்து வாரத்தில் குறைத்தார்கள். சுலபமாக இருக்கவில்லை. சில நாள் படபடத்தது. தங்கராசு விடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மறுபடி ஆரம்பித்த வெள்ளை மாத்திரை நான்காவது வாரத்தில் வேலை செய்யத் தொடங்கியது. ஒரு நாள் வகுப்பில் ஒரு பையன் வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொன்னதற்கு அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அப்போதுதான், அப்படிச் சிரித்து மாதங்கள் ஆகிவிட்டன என்று அவளுக்கே நினைவு வந்தது.

கொளஞ்சியம்மாள் மறுபடி சிதம்பரத்தைப் பற்றிக் கேட்டபோது, டாக்டரிடம் போகிறேன் என்று மலர்க்கொடி நேராகச் சொன்னாள். கொளஞ்சியம்மாள் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, தன் தங்கைக்கும் அப்படித்தான் இருக்கிறது, அந்த டாக்டர் விலாசம் கிடைக்குமா என்று கேட்டாள்.

மகளுக்கும் ஒரு பதில் பாக்கி இருந்தது. மலர்க்கொடி அவளை அருகில் உட்காரவைத்துச் சொன்னாள்: "தாத்தாவுக்கு வந்த பழக்கம் மறைச்சு மறைச்சு வளந்தது. நான் மறைக்க மாட்டேன். மருந்து சாப்புடறது வெக்கமில்லடி. தெரியாதத கேக்காம நாமளா ஒண்ண நெனச்சுக்கறோம் பாரு, அதுதான் ஆபத்து."

மார்கழி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில், பாடலீஸ்வரரைத் தரிசித்துவிட்டு மலர்க்கொடி மருந்துக்கடைத் தெருவுக்கு வந்தாள். சாமிக்கண்ணுவிடம் அவள் இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டிருந்தாள். இரண்டு தரமும், எதற்கு என்று தெரியாதவர்போல் அவர் பேச்சை மாற்றிவிட்டார். நாலு பேர் முன்னால் வாங்கிய பேச்சு நாலு வார்த்தையில் தீராது என்று அவளுக்குத் தெரியும்.

கடை மூடியிருந்தது. பையிலிருந்து ஒரு கட்டு எடுத்தாள். மாத்திரை போட்டுக் கொடுக்கும் சிறிய காகித உறைகள், முந்நூறு. மூன்று வாரமாகத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, நான்காம் வகுப்புப் பிள்ளைகள்கூடப் படிக்கிற மாதிரிக் குண்டு குண்டாக ஒவ்வொன்றிலும் எழுதியிருந்தாள்: இது எதற்கு? எப்போது போட வேண்டும்? எத்தனை நாள்? ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் கடைக்காரர் நிரப்ப இடம். அடியில் ஒரு வரி: நிறுத்துவதற்கு முன்னும், கூட்டுவதற்கு முன்னும் டாக்டரைக் கேளுங்கள்.

கட்டின்மேல் பெயர் எழுதவில்லை. குனிந்து, இரும்புக் கதவின் அடி இடுக்கில் கட்டைப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளினாள். கடைசி உறையும் உள்ளே போன பிறகு, கையிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தாள். தெருவில் யாரும் இல்லை.