பத்தொன்பது புள்ளி ஆறு எம்.பி.

வீடியோ இருபது எம்.பி.க்குள் இருக்க வேண்டும் என்று போலீஸ் இணையதளம் சிவப்பு எழுத்தில் கறாராகச் சொன்னது. என்னிடம் இருந்ததோ ஒன்றேகால் ஜி.பி.

டயர் கடை வாசல் கேமராவில் விழுந்த நாற்பத்திரண்டு நிமிடப் பதிவு அது. முப்பத்தேழாவது நிமிடத்தில் ஒரு வெள்ளை வேன் என் அக்கா வீட்டுக்காரரைச் சைக்கிளோடு தூக்கி எறிந்துவிட்டு நிற்காமல் போகும். மாமாவுக்கு இப்போது இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அந்த வேன் யாருடையது என்று தெரிந்தாக வேண்டும். அவர் கேட்பது அது ஒன்றைத்தான்.

"நம்பர் பிளேட் பளிச்சுனு தெரியுதுங்க, கவலையே படாதீங்க" என்று சொல்லித்தான் கடைக்காரர் பென் டிரைவைக் கொடுத்தார். அதனால்தான் யாரும் அதை ஒரு துண்டுச் சீட்டில்கூடக் குறித்து வைக்கவில்லை. வீடியோதான் இருக்கிறதே!

"அந்தப் பத்து செகண்டை மட்டும் வெட்டி அனுப்பிடவாக்கா?"

"வெட்டினா ஜோடிச்சதும்பாங்கடா. ஸ்டேஷன்லயே சொல்லிட்டாங்க. முழுசா அனுப்பு."

"யானையைச் சூட்கேஸ்ல அடைக்கச் சொல்றே."

"ஊரார் கல்யாண வீடியோவை எல்லாம் அடைக்கிறே, உங்க மாமாவை அடைக்க மாட்டியா?"

விபத்துக்குப் பிறகு அக்கா அன்றுதான் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே அடைத்தேன்.

இருபது எம்.பி.யை நாற்பத்திரண்டு நிமிடத்துக்குப் பங்கு போட்டால் விநாடிக்கு ஒரு சிட்டிகைதான் தேறும். சத்தத்தை எடுத்தேன். படத்தின் அகல உயரத்தைப் பாதியாக்கினேன். ரெண்டர் போட்டுச் சுருக்கிய முதல் பிரதி இருபத்துமூன்று எம்.பி. இரண்டாவது இருபது புள்ளி நான்கு. இன்னும் இறுக்கினேன். மூன்றாவது பத்தொன்பது புள்ளி ஆறு! தனியாக உட்கார்ந்து கை தட்டினேன்.

முதல் இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்த்தேன். காலித் தெரு, அடுக்கிய டயர்கள், தூங்கும் நாய். எல்லாம் சுத்தமாக இருந்தது. அசையாத படம் எவ்வளவு நசுக்கினாலும் அழகாகத்தான் இருக்கும், வேகமாக ஓடுவதுதான் சிதையும். இது எனக்குத் தெரியும். பிழைப்பே அதுதான். ஆனால் மாமா விழுவதை இன்னொரு தடவை பார்க்க மனசு வரவில்லை.

இணையதளம் பச்சை டிக் போட்டது. அன்று மாலை ஒரு கல்யாண வீடியோவுக்கு ஹார்ட் டிஸ்க்கில் இடம் போதவில்லை. ஒன்றேகால் ஜி.பி.யை அழித்தேன். பென் டிரைவையும் துடைத்துக் கல்யாண வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். ஒரிஜினல்தான் கடையில் இருக்கிறதே என்ற தைரியம்.

இருபதாம் நாள் ஸ்டேஷனிலிருந்து போன்.

"வேன் மோதுறது தெரியுதுங்க. நம்பர் இருக்கிற இடம்தான் கட்டம் கட்டமா இருக்கு. ஒரிஜினலைக் கொண்டாங்க."

கடைக்கு ஓடினேன்.

"பதினைஞ்சு நாள்தாங்க நிக்கும், அப்புறம் அது மேலயே புதுசு ஏறிடும்" என்றார் கடைக்காரர். "உங்ககிட்டதான் இருக்கே?"

அழிந்ததை மீட்கும் மென்பொருளை இரண்டு நாள் ஓட்டினேன். மீண்டு வந்ததெல்லாம் அந்தக் கல்யாணத்தின் துண்டுகள்.

அக்காவிடம் சொன்னபோது அவள் மாமாவைத் துடைத்த துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை.

"ஏன்டா, ஒரிஜினலை நீ பார்த்தேல்ல? நல்லா யோசி. ஒரு எழுத்தாவது?"

பார்த்தேன். மூன்று முறை ரெண்டர் போட்டபோதும் அந்த வேன் என் திரையில்தான் பளிச்சென்று போனது. என் கண் மட்டும் மூலையில் ஏறிக்கொண்டிருந்த எம்.பி.யின் மேல் இருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். பத்தொன்பது புள்ளி ஆறு. வேறு எதுவும் வரவில்லை.

உள்ளே கட்டிலிலிருந்து மாமாவின் குரல் வந்தது.

"மச்சான் வந்திருக்கானா? வண்டி கிடைச்சுதாமா?"

அக்கா என் முகத்தையே பார்த்தாள். பிறகு ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

"தேடிட்டு இருக்காங்களாம்" என்றாள் உள்ளே பார்த்து.