ஒரு சாணும் ஒரு விரற்கடையும்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், கண்ணுகளா. நரின் பள்ளத்தாக்கில் நாங்கள் எல்லோரும் பார்த்ததைச் சொல்கிறேன். தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

மேய்ப்பன் துர்குன்பாயின் மகள் பெகிமாய் தரையில் கால் பாவியதே இல்லை. எப்போதும் ஒரு சாண் மேலே நின்றாள். நாலு பேர் சேர்ந்து பேசினால் இரண்டு சாண். கூட்டுப்பண்ணைக் காலம் அது, கம்பளி நன்றாகக் கிடைத்த வருஷம். ஐந்து வயதாகியும் அவள் யார் முகத்தையும் பார்த்ததில்லை. ஆற்றங்கரை நெடுக, மிதந்தபடியே குனிந்து, கூழாங்கற்களை நிறவாரியாக அடுக்குவாள். யாராவது ஒன்றை நகர்த்திவிட்டால் அன்று முழுக்க அழுகைதான்.

துர்குன்பாய்க்கு எழுநூறு ஆடுகளின் முகமும் தெரியும். மைத்துனன் வந்து நின்றால் யாரென்று கேட்பான். விருந்துகளில் குதிரைப்பால் கிண்ணம் கைமாறி வரும். வாங்கியவர் நாலு நல்ல வார்த்தை பேசியே ஆகவேண்டும். கிண்ணம் நெருங்கும்போது அவன் ஆடு பார்க்கப் போய்விடுவான்.

"உன் ஆட்டுக்கெல்லாம் நேரம் நல்லாத் தெரியுதுடா தம்பி. கிண்ணம் வர்றப்பதான் கத்துது" என்பாள் அவன் அக்கா கலிய்யா.

அந்த வருஷம் வட்டாரத்திலிருந்து வந்த டாக்டரம்மா, பிள்ளையை மலைக்கு அப்பால், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று இருந்த விடுதிக்கு அனுப்பச் சொன்னாள். அனுப்பினால் கோடையில் ஒருமுறை பார்க்கலாம். சொந்தபந்தம் முடிவெடுக்கக் கூடியது, ஒரு ஆடு வெட்டினார்கள், கிண்ணம் சுற்றியது. அனுப்புவதுதான் நல்லது என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். துர்குன்பாயின் பெரியப்பா தாடியைத் தடவிக்கொண்டார்.

"நம்ம பக்கத்துல இப்படி யாரும் கிடையாது. ஜூரா வழியாத்தான் வந்திருக்கும்."

பிள்ளையின் தாய் ஜூரா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். மூலையில் பெகிமாயின் தலை கூடாரத்துக் கழியில் இடித்தது.

கிண்ணம் வந்ததும் துர்குன்பாய் எழுந்தான். ஆடு பார்க்கத்தான் என்று நினைத்தோம். அவன் கிண்ணத்தை ஒரு கையில் பிடித்தபடியே குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தான். எல்லோரும் வாசலில் கழற்றுவார்கள். அவன் மட்டும் கால்வலி என்று கழற்றுவதில்லை. விழுந்த பூட்ஸின் அடியில் ஈயத் தகடு தைத்திருந்தது. அவன் விரற்கடை உயரம் மேலே போனான். கிண்ணத்தில் ஒரு சொட்டுப் பால் சிந்தவில்லை.

"எங்கிட்டேருந்துதான் வந்துச்சு" என்றான். கிண்ணத்தை அடுத்தவரிடம் நீட்டி, "அனுப்ப மாட்டேன்."

வாழ்நாளில் அவன் சபையில் பேசியது அவ்வளவுதான்.

கலிய்யாதான் முதலில் வாய் திறந்தாள். "சின்னதுல இவனைக் கயித்தால என் இடுப்போட கட்டிக்கிட்டுத்தான் தூங்குவேன். வளர வளரச் சரியாயிடுச்சுன்னு நெனச்சேன். பூட்ஸுக்குள்ளயா வச்சிருந்தே, அடப்பாவி." தலைத்துணி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பெரியப்பா ஜூராவின் பக்கம் நல்ல இறைச்சித் துண்டாகப் பார்த்து நகர்த்தினார். பிறகு இரு கைகளையும் விரித்து, பிள்ளை இங்கேயே இருக்கட்டும் என்றார். அப்படியே ஆகட்டும் என்று எல்லோரும் உள்ளங்கையால் முகத்தைத் தடவிக்கொண்டோம். பேச்சு வைக்கோல் பக்கம் திரும்பியது.

பிறகு கூட்டுப்பண்ணை கலைந்தது, பணம் மாறியது, கலிய்யா போய்ச் சேர்ந்தாள். பெகிமாய் வளர்ந்து அப்பாவோடு மந்தை மேய்த்தாள். பனிக்காலக் காலைகளில் மூன்று பேரும் தொழுவத்துக்குப் போவார்கள். பனியில் ஜூராவின் காலடி மட்டும் பதிந்திருக்கும். அதைப் பார்த்தே, மூன்று பேரும் போய்விட்டார்கள் என்று நாங்கள் தெரிந்துகொள்வோம்.

உங்கள் அடுப்பு அணையாதிருக்கட்டும், கண்ணுகளா. உங்கள் பிள்ளைகள் எந்த உயரத்தில் நின்றாலும் உங்கள் கைக்கு எட்டட்டும்.