விரலைச் சரியாக வைக்கவும்

கண்காட்சி பத்து மணிக்குத் திறப்பு. ஒன்பதரைக்கே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். அண்ணன் போய் ஐந்து வாரம். வீட்டில் தனியாக விட்டால் அவன் சட்டைகளை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருப்பாள்.

நான் அழவே இல்லை. "இவளுக்கு நெஞ்சுல என்ன கருங்கல்லா?" என்று சித்தி என் காதுபடவே கேட்டாள். மறுக்கத் தோன்றவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி உள்ளே ஒன்றுமே தெரியவில்லை.

படம் வரையும் கணினி நிரல் எழுதுவது என் வேலை. இங்கே சுவரளவு திரை, எதிரே மேசை, அதில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சென்சார். விரலை வைத்தால் போதும், ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் ஒரு கோடு வளைந்து பூவாக விரியும். நிமிடத்துக்கு நூற்றிருபதைத் தாண்டினால் அது நாடியில்லை, கை ஆட்டம் என்று தள்ளிவிடும்படி எழுதியிருந்தேன். அப்போது பூ வராது. 'விரலைச் சரியாக வைக்கவும்' என்ற எழுத்து வரும்.

நான் திரையைப் போட, அம்மா விரலை வைத்தாள். நீலக்கோடு நிதானமாக வளர்ந்தது.

"நல்லாத்தான்டி இருக்கு." விரலை எடுத்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள். கோடு நிற்கவில்லை. "கையை எடுத்துட்டேனே, இன்னும் வரையுதே?"

எனக்குப் புரிந்துவிட்டது. சென்சாரை மாட்டாமலே நிரலைச் சோதிக்க ஒரு பதிவு வைத்திருக்கிறேன். மூன்று மாதத்துக்கு முன் அண்ணனைப் பிடித்து உட்காரவைத்து எடுத்தது. "ரத்தம் எடுக்கறவங்ககூட பிஸ்கட் தருவாங்க" என்று பத்து நிமிடமும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். நேற்று அந்தப் பதிவை அணைக்காமலே பூட்டிவிட்டுப் போயிருக்கிறேன்.

"அது அண்ணனோடதும்மா."

"அவன் துடிப்பா?"

"ம்."

அம்மா மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துக் கோடு படுத்தது. வளைவே இல்லாமல் நேராக ஓடியது. அம்மா என் முழங்கையைப் பிடித்தாள்.

"ஒண்ணுமில்லம்மா. விரலை எடுத்து மூக்கைச் சொறிஞ்சான். நாலு செகண்டுல வந்துடுவான்."

வந்தான். அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே அழுகையும் வந்தது.

மண்டபப் பொறுப்பாளர் எட்டிப்பார்த்தார். "மேடம், அஞ்சு நிமிஷத்துல கதவைத் திறக்கணும்."

"இது இப்படியே ஓடட்டுமேடி," என்றாள் அம்மா. "வர்றவங்களுக்கு என்ன தெரியப்போகுது?"

"நீயே கண்டுபிடிச்சுட்டியேம்மா."

அவள் திரைக்குக் கிட்டே போனாள். "நிறுத்தினா அழிஞ்சுடுமா?"

"இல்ல. என்கிட்ட இருக்கும்."

"அப்ப நிறுத்து."

ஒரே ஒரு வரியை மாற்ற வேண்டும். மாற்றினேன். பாதிப் பூவோடு கோடு நின்றது, பிறகு திரை வெறும் வெள்ளையானது. ஆஸ்பத்திரியில் அவன் துடிப்பு நின்றபோது டாக்டர் பக்கத்தில் இருந்தார். இங்கே நிறுத்தியது நான்.

சென்சார் வேலை செய்கிறதா என்று பார்க்க என் விரலை வைத்தேன். கோடு வரவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். மேசைக்குள் நாடிக் கணக்கைக் காட்டும் சின்னத் திரை நூற்றி நாற்பத்தாறு என்று காட்டியது.

அம்மா சுவரைப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். "விரலைச் சரியா வைக்கச் சொல்லுதுடி."

"சரியாத்தாம்மா வெச்சிருக்கேன்."