மூன்றாவது சரணம்

திருவொற்றியூரில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையோரம், ஒரு தகரக் கொட்டகையில்தான் அந்த ராக் பேண்டு ஒத்திகை பார்த்தது. ஃப்ரெடி கிதார், வல்லரசு டிரம்ஸ், பாட்டெழுதிப் பாடுவது சாண்ட்ரா. லாரி ஹார்ன் அடித்தால் ஃப்ரெடி ஆம்ப்ளிஃபயரை ஒரு திருகு ஏற்றுவான். லாரி போனபிறகு இறக்கியதாகச் சரித்திரமே இல்லை. இப்படியே நாலு மாதம் ஒரே பாட்டை வாசித்தார்கள்.

சாண்ட்ராவைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஃப்ரெடிக்கு ஆசை. பாட்டு பதிவாகட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டான். தெருவையே அதிர வைக்கிறவனுக்கு அந்த ஒரு வார்த்தைக்கு வாய் வரவில்லை.

பதிவு ராயபுரத்தில், உஸ்மா அக்காவின் ஸ்டுடியோவில். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பதிவு செய்வது அக்காவின் வழக்கம். டிரம்ஸ் முடிந்தது, கிதார் முடிந்தது, கடைசியாகச் சாண்ட்ரா கண்ணாடி அறைக்குள் போனாள். வெளியே ஹெட்போனை மாட்டிக்கொண்ட ஃப்ரெடிக்கு அவள் குரல் மட்டும் கேட்டது. பாட்டில் சொற்களும் இருந்தன என்பது அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

மூன்றாவது சரணம் வந்தது. கொட்டகையில் அவன் கண்ணை மூடிக்கொண்டு கிதாரை அலறவிடும் இடம்.

"மஸ்கட்டுல வேல கெடச்சிருச்சு, மாதா திருநா முடிஞ்சா பயணம்
இருன்னு நீ ஒரு வார்த்த சொன்னா, இங்கியே கெடப்பேன் நானும்."

திருநாள் முடிந்து நாலு நாளாகியிருந்தது. ஃப்ரெடி ஹெட்போனைக் கழற்றினான். இத்தனை நாள் அவள் ஊதியதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. அந்தச் செவிடன் தானே என்பதும் புரிந்தது. கதவைத் திறந்து உள்ளே போய், இதெல்லாம் நிஜமா என்று கேட்டான்.

"நாலு மாசமா உன் மூஞ்சிக்கு நேரா பாடிக்கினு கீறேன்" என்றாள். "நீ ஒண்ணியும் சொல்லல. சர்தான், வேணாம் போலன்னு நென்ச்சிக்கினேன்."

"போவாத, சாண்ட்ரா."

அவளுக்கு அழுகையும் வந்தது, அவனை அறையலாம் போலவும் இருந்தது.

"வெள்ளிக்கெழம ஃப்ளைட்டு. ரெண்டு வருசத்துக்கு கையெழுத்து போட்டுக் குடுத்துட்டேன்."

மைக் திறந்தே இருந்ததால் அத்தனையும் பதிவாகியிருந்தது. அழித்துவிட்டு மறுபடி எடுக்கலாமா என்று உஸ்மா அக்கா கேட்டார்.

சாண்ட்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மீதிய அழிச்சிருங்கக்கா. அவன் போவாதன்னு சொன்னத மட்டும் என் போனுக்கு அனுப்புங்க. அங்க போய் கேட்டுக்குறேன்."