பெயர் சொல்லாத துணி

வேல்சாமி நீட்டிய சீட்டைக் கிடங்குப் பொறுப்பாளர் சேதுராமன் சார் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு மறுபடியும் கம்ப்யூட்டரில் தேடினார். இராமநாதபுரத்து அரசாங்கப் பொருள்கிடங்கில் அது வந்து உட்கார்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. அதற்குள் அது சொன்னதுதான் சட்டம் என்றாகிவிட்டது. வேல்சாமி ஆஸ்பத்திரிப் பிணவறை ஊழியர். வாலிநோக்கம் கடற்கரையில் ஒதுங்கிய, ஊர் பேர் தெரியாத ஒருவனை அடக்கம் பண்ணத் துணி வாங்க வந்திருந்தார். கோடி போட ஆளில்லாத உடம்புகளுக்கு அரசாங்கம் கொடுக்கிற காடாத் துணி.

"அப்படி ஒரு சாமானே இல்லைங்குதேய்யா."

"அந்தா அங்கன இருக்கே சார்."

கவுண்டருக்குப் பின்னால் அலமாரியின் மேல்தட்டில் துணிக்கட்டு எல்லார் கண்ணுக்கும் தெரியத்தான் இருந்தது.

"இருக்குய்யா. நம்பர் இல்லாம எப்படிக் குடுக்க? ஆடிட்ல என் தலைதான் உருளும்."

"இன்னைக்கு என் கைக்காசப் போட்டு வாங்கிருவேன் சார். நாளைக்கு இன்னொண்ணு ஒதுங்குனா?" என்று கேட்டுவிட்டு வேல்சாமி வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

கம்ப்யூட்டர் பக்கத்து மேஜையிலிருந்த நாகலெட்சுமி எழுந்து வந்து திரையைப் பார்த்தாள். பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றியவள் அவள்தான். லாந்தர் விளக்கிலிருந்து தார்ப்பாய் வரை அரசாங்கம் எதையெல்லாம் கொடுக்குமோ அத்தனையும் தலையணை தலையணையான புத்தகங்களில் இருந்தன. அப்போது கவுண்டரில் இருந்த பூமிநாதன் அய்யா உரக்கப் படிப்பார், அவள் அடிப்பாள். ஒவ்வொரு சாமானுக்கும் "போட்டாச்சா?" என்பார். அவள் "போட்டாச்சு" என்பாள். ராத்திரி சோற்றில் கை வைக்கும்போதுகூட அந்த "போட்டாச்சா?" காதில் கேட்கும். அடித்ததெல்லாம் சி.டி.யில் ஏறிச் சென்னைக்குப் போனது. புத்தகங்கள் பின்னறைக்குப் போயின, அய்யா ஓய்வு பெற்று வீட்டுக்குப் போனார். இப்போது விட்டுப்போனதைச் சேர்க்க வேண்டுமென்றால் படித்தவரும் அடித்தவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அப்படி ஒரு விதி. நாகலெட்சுமி போன் பண்ணினாள், அவர் சைக்கிளில் வந்து சேர்ந்தார்.

பின்னறையிலிருந்து எடுத்து வந்த புத்தகத்தை அவர்முன் விரித்து அவள் அந்த வரியைக் காட்டினாள். அவர் அந்த வரியில் விரலை வைத்தார்.

"நான் கையக் காட்டுனேனே தாயி."

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கிடங்கில் யாரும் அந்தத் துணியின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் எங்காவது சாவு விழுந்து வாங்க ஆள் வந்துவிடும் என்று பயம். கேட்கிறவரும் கொடுக்கிறவரும் நெஞ்சிலிருந்து முகம் வரைக்கும் கையை இழுத்துக் காட்டுவார்கள், போர்வையை இழுத்து மூடுகிற மாதிரி. படிக்கும்போதும் பழக்க தோஷத்தில் அவர் கையைத்தான் காட்டியிருக்கிறார். காட்டிவிட்டுப் "போட்டாச்சா?" என்றிருக்கிறார். அவள் கண் திரையில். முன்னால் படித்த சாமானைத்தான் கேட்கிறார் என்று நினைத்துப் "போட்டாச்சு" என்றிருக்கிறாள். அட கடவுளே, இவ்வளவுதானா!

"நானே பாத்து அடிச்சுர்றேன் அய்யா. நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க."

அவர் பேனாவை எடுக்கவில்லை. பிறகு கவுண்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அறுபத்தி நாலு புயலப்ப மண்டபத்துக் கேம்ப்ல நான் தினக்கூலி. தனுஷ்கோடியில இருந்து ஒரு மனுசன், பிள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு வந்து நின்னாரு. தூங்குற பிள்ளைன்னுதான் நெனச்சேன். பேரச் சொல்லித் துணி கேட்டாரு. கட்டுக் கட்டா அடுக்கிக் கெடந்துச்சு தாயி. சீட்டு எங்கன்னு கேட்டுப்புட்டேன்."

"அவரு?"

"பிள்ளையத் தூக்கிக்கிட்டுத் திரும்பிப் போயிட்டாரு. மத்தவுகளுக்கு யாரோ வந்துருவாகன்னு பயம். எனக்கு அவருதான் வருவாரு. பேரச் சொன்னா வந்து அதே மாதிரி நிப்பாரு."

நாகலெட்சுமியும் அந்தக் கவுண்டரைப் பார்த்தாள். பாவம், இந்த மனுஷர் இத்தனை வருஷமும் அந்தக் கவுண்டருக்குப் பின்னால்தானே உட்கார்ந்திருந்தார் என்று மனசு அடித்துக்கொண்டது. வாசற்படியில் வேல்சாமி சீட்டைப் பைக்குள் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். பூமிநாதன் அவரைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தாளில் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

"நானே படிக்கிறேன். இன்னொருத்தரும் என்னால வெறுங்கையோட போக வேணாம்."

அவள் திரைக்குத் திரும்பி விரல்களை வைத்துக் காத்திருந்தாள். அவர் தொண்டையைச் செருமுவது கேட்டது. நாற்காலி கிறீச்சிட்டது.

"வெள்ளைக் காடாத் துணி," என்றார். "பிணம் மூட."

அவள் அடித்தாள். நம்பர் விழக் கொஞ்ச நேரம் பிடித்தது. வழக்கமான கேள்வி வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை.

"போட்டாச்சு அய்யா," என்றாள் தானாகவே.

திரும்பிப் பார்த்தால் நாற்காலி காலியாக இருந்தது. அவர் கவுண்டரில் நின்றிருந்தார். துணிக்கட்டை இறக்கி வேல்சாமிக்கு உள்ளதைக் கிழித்து ஒரு பக்கம் மடித்து வைத்திருந்தார். வேல்சாமி இன்னும் வெளியே முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருந்தார். பூமிநாதன் இன்னொரு துண்டைக் கிழித்தார். சின்னது, ஒரு பிள்ளைக்குப் போதுமான அளவு. அதை இரண்டு கையிலும் ஏந்தி, யாருமே இல்லாத அந்தப் பக்கத்துக்கு நீட்டினார்.

"சீட்டெல்லாம் வேணாம்யா. வாங்கிக்கங்க."

சேதுராமன் சார் எழுந்து நின்றவர் நின்றபடியே இருந்தார். அய்யாவின் கைகள் இறங்கவில்லை. அந்த வெள்ளைத் துணியின் ஓரம் மட்டும் கவுண்டரின் அந்தப் பக்கமாக மெல்லச் சரிந்து இறங்கிக்கொண்டிருந்தது.