கல்லில் விட்ட இடம்

1

இந்தக் கதை ஒரு கல்லறைக் கல்லில் தொடங்கியது என்று எழுதினால் கம்பீரமாக இருக்கும். உண்மையில் அது தொடங்கியது மார்லிஸின் சமையலறையில், அவள் ருபார்ப் தண்டு நறுக்கிக்கொண்டிருந்தபோது. (புளிச்சக்கீரைத் தண்டைச் சர்க்கரை போட்டுக் கிண்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் விளக்க மாட்டேன்.)

மார்லிஸ் என் பக்கத்து வீட்டுக்காரி. எழுபதை நெருங்குகிறாள். கணவன் டாரல் போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகின்றன. நான் அயோவா மாநிலத்தின் இந்தச் சிற்றூருக்கு மருந்துக்கடை வேலைக்கு வந்தவள். போகலாம், போகலாம் என்று சொல்லியே முப்பது வருஷத்தை ஓட்டிவிட்டேன். ஆகஸ்டில் மார்லிஸின் ஐலர்ஸ் குடும்பத்தார் எல்லாரும் கூடுகிறார்கள், அதற்கு ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்கள். கொள்ளுத்தாத்தா ஹார்ம் ஐலர்ஸைப் பற்றி இரண்டு பக்கம் வேண்டுமாம். அதை மார்லிஸ் என் தலையில் கட்டினாள்.

“நீதான் எழுதுவியே. எங்க ஆளுங்க எழுதினா சோளம் எவ்வளவு விளைஞ்சதுன்னுதான் வரும்.”

அந்த இரண்டு பக்கத்தை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தாயிற்று. நீங்கள் படிப்பது வேறு. இதை நான் தமிழில் எழுதுவதற்கு ஒரே காரணம், மார்லிஸுக்குத் தமிழ் தெரியாது என்பதுதான். தண்டு நறுக்கும்போது அவள் இன்னொன்றும் சொன்னாள். அது புத்தகத்தில் போடக்கூடியது அல்ல.

2

“பனி கொட்டிய ஒரு காலையில் ஹார்ம் ஐலர்ஸ் தன் குதிரைகளை—”

வேண்டாம். அயோவா என்றதும் பனியைக் கொட்டுவது சோம்பேறித்தனம்.

“கப்பலிலிருந்து இறங்கிய இளைஞன் ஹார்மின் கண்களில்—”

கப்பலில் வந்தவர் அவருடைய அப்பா. ஹார்ம் பிறந்தது இங்கேதான், 1871இல், பன்றிப்பட்டிக்குப் பக்கத்து வீட்டில். கண்களில் என்ன இருந்தது என்பது தெரிய வழியே இல்லை. அவர் இருக்கும் புகைப்படம் ஒன்றே ஒன்று. கதிரடிக்கும் கூட்டம் வரிசையாக நிற்கிறது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, கடைசியில் நிற்பவர் மட்டும் தலையைத் திருப்பிவிட்டார். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு தீற்றல். அதுதான் நம் கதாநாயகன்.

எழுத எழுத எனக்கு இவர்மேல் சந்தேகம் வந்தது. இப்படி ஒரு சாதாரண மனிதரை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது? பன்றி வளர்த்தார். சோளம் போட்டார். டீனாவைக் கட்டினார். பெர்னார்ட் என்று ஒரு மகன், அன்னா என்று ஒரு மகள். குடும்ப பைபிளின் முன்பக்கத்தில் அவர் எழுதிவைத்த வரிகளைப் பார்த்தால் சிரிப்பு வரும்: “டீனாவுக்குக் காய்ச்சல். பன்றிகள் நலம்.” 1918இல் டீனா அதே மாதிரி ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். அந்த வருஷத்துக்கு அவர் எழுதியது “டீனா” என்ற பெயர் மட்டும். பன்றிகளைப் பற்றி ஒன்றுமில்லை.

அந்த ஒற்றைப் பெயரைப் பார்த்த பிறகு எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் நான் நடுநிலை இல்லை.

3

இப்போது கல்.

இங்கே ஒரு பழக்கம். கணவன் மனைவியில் ஒருவர் போனால் ஒரே கல்லில் இரண்டு பேர் பெயரையும் வெட்டிவிடுவார்கள். இருப்பவருக்குப் பிறந்த வருஷத்தைப் போட்டு, ஒரு கோடு இழுத்து, மிச்சத்தை விட்டுவைப்பார்கள். கல்தச்சரை இரண்டு தடவை கூப்பிடுவானேன் என்ற சிக்கனம். டீனாவின் கல்லில் அவளுக்குப் பக்கத்தில் “ஹார்ம், 1871 – 19” என்று இருக்கிறது. பத்தொன்பதோடு நின்றுவிட்டது. நூறு வருஷத்துக்கு மேலாகப் பாசி அந்த வெற்றிடத்தை நிரப்பப் பார்க்கிறது.

ஏன் யாரும் முடிக்கவில்லை? குடும்பத்தில் சொல்வது இது: பெர்னார்ட் செய்வான் என்று அன்னா இருந்தாள். அன்னா செய்வாள் என்று பெர்னார்ட் இருந்தான். “என்ன ஆச்சு?” என்று ஒருவரை ஒருவர் கேட்டிருந்தால் முடிந்தது.* கேட்கவில்லை. இரண்டு குடும்பமும் ஒவ்வொரு மே மாதமும் அதே கல்லுக்கு முன்னால் பியோனிப் பூ வைத்துவிட்டு மழையைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள்.

* இந்த ஊர்க்காரர்கள் நேராகக் கேட்க மாட்டார்கள். வீடு தீப்பிடித்தாலும் “உங்க பக்கம் கொஞ்சம் சூடா இருக்கு போல” என்பார்கள்.

மார்லிஸ் சொன்ன அந்த இன்னொன்று: அவளுக்கும் அப்படி ஒரு கல் இருக்கிறது. டாரலுக்குப் பக்கத்தில் “மார்லிஸ், 1955 – 20”. இப்போது டுவேன் என்று ஒருவர், மனைவியை இழந்தவர், ஆற்றங்கரையில் வீடு, நாள் முழுக்கப் படகும் தூண்டிலும்தான். அவர் அவளைக் கல்யாணம் செய்துகொண்டு வந்துவிடச் சொல்லிக் கேட்டிருக்கிறார். (டுவேனின் வீடு உண்மையில் ஆற்றங்கரையில் இல்லை. அடையாளம் தெரியாமல் இருக்க நகர்த்திவைத்தேன். தூண்டில் உண்மை.) மகன் கெண்டிடம் அவள் மூச்சு விடவில்லை. அப்பாவின் நிலத்தை உழுகிறவன், அப்பாவின் தொப்பியையே போட்டுக்கொண்டு திரிகிறவன்.

கத்தியைக் கீழே வைத்துவிட்டு மார்லிஸ் கேட்டாள்.

“என் பேரை வெட்டியாச்சே. பேரு வெட்டின கல்ல விட்டுட்டு எங்க குடும்பத்துல யாராவது போயிருக்காங்களா? நீ அந்த ஆளைப் பத்தித்தானே தேடப்போற. பாத்துச் சொல்லு.”

அவளுக்கு வேண்டியது இரண்டு பக்கம் அல்ல, ஒரு முன்னோடி. அது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

4

கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டும் லெராயிடம் ஒரு வித்தை உண்டு. துணி மாட்டும் கம்பி இரண்டை வளைத்துக் கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு நடப்பார். கீழே ஆள் இருந்தால் கம்பி இரண்டும் குறுக்கே வந்து சேரும். நான் வேதியியல் படித்தவள், நம்பவில்லை. எங்கள் பக்கத்தில் வேப்பங்கவையை வைத்துத் தண்ணீர் பார்த்த ஆள் காட்டிய இடத்தில் பாதிக் கிணறு பாறையில் முட்டிக்கொண்டது. ஆனால் லெராயை இந்த ஊரில் எல்லாரும் நம்புகிறார்கள். பழைய குழிகளுக்கு வரைபடம் இல்லாத இடத்தில் புதிய குழி தோண்டுவதற்கே அவரைத்தான் கூப்பிடுகிறார்கள்.

நானும் மார்லிஸும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் டீனாவின் பக்கம் நடந்தார். கம்பிகள் குறுக்கே விழுந்தன. ஹார்மின் பக்கம் நடந்தார். நேராகவே நின்றன. திரும்பி வந்து இன்னொரு தடவையும் பார்த்தார்.

“இங்க ஆள் இல்லம்மா. வெறும் மண்ணுதான்.”

இங்கே ஒரு திடுக்கிடல் எழுத வேண்டும். [மார்லிஸின் முகம் வெளிறியது—] வெளிறவில்லை. அவள் நாலு வரிசை தள்ளி டாரலின் கல்லுக்கு நடந்தாள். தன் பெயருக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, இங்கேயும் பார்க்கச் சொன்னாள்.

லெராய் மறுப்பவர் அல்ல. டாரலின் பக்கம் கம்பி குறுக்கே வந்தது. பிறகு அவளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அவள் நின்ற இடத்தின்மேல் நடந்தார். கம்பிகள் நேராக நின்றன. மருத்துவர் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்:

“இங்கயும் ஆள் இல்ல மார்லிஸ்.”

“ஆறு வருஷமா எனக்கே சந்தேகமா இருந்துச்சு லெராய். நீங்க சொன்னதும் நிம்மதியாச்சு.”

லெராய் தலையாட்டினார். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று அவர் நினைத்தாரோ என்னவோ.

5

அயோவாவின் இறப்புப் பதிவுகளில் ஹார்ம் இல்லை. அதனால் மாநில எல்லையாக ஓடும் ஆற்றுக்கு அந்தப் பக்கம், விஸ்கான்சினில் தேடினேன். என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், மார்லிஸ் என் தோளுக்குப் பின்னால் நின்று காப்பி குடிக்க, 1930ஆம் வருஷத்து மக்கள் கணக்கெடுப்பில் ஒரு ஆற்றங்கரை ஊரில் கிடைத்தார்.

வீட்டுக்குத் தலைவர்: ஆக்னஸ் ஹ்ருஸ்கா, விதவை. பொஹீமியாவிலிருந்து வந்தவள், அப்படியென்றால் கத்தோலிக்கக்காரி. ஐலர்ஸ் குடும்பம் லூத்தரன் கோயிலில் ஜெர்மன் மொழியில் முழங்காலிட்ட குடும்பம். அந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய மதில் என்று சொல்ல வேண்டுமானால், சாதி விட்டுக் கட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். அவள் பெயருக்குக் கீழே: ஹார்ம் ஐலர்ஸ். தலைவருக்கு என்ன உறவு? குடியிருப்பவர். தொழில்? மீன் பிடிப்பது.

மார்லிஸ் குனிந்து படித்தாள். சிரிப்பில் காப்பி சிந்தியது.

“எங்க வீட்டுல ஒருத்தருக்கும் நீச்சல் தெரியாது. கெண்ட் குளத்துப் பக்கமே போக மாட்டான். இவரு மீன் பிடிச்சாராம்.” பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். “குடியிருந்தாராம். ஒரு வீடு, ஒரு அடுப்பு. குடியிருந்தாராம்.”

பன்றிக்காரர் ஐம்பது வயதுக்குமேல் பட்டியை மகனிடம் விட்டுவிட்டு ஆற்றைக் கடந்திருக்கிறார். பிள்ளைகள் அந்த வெட்கத்தைப் பேசாமல் பேசாமலே அழித்துவிட்டார்கள். இது என் ஊகம்தான். அடுத்த கணக்கெடுப்பில் இரண்டு பேருமே இல்லை. அக்கரைக் கல்லறைகளைப் போய்ப் பார்த்துவிடலாம் என்றேன். மார்லிஸ் வேண்டாம் என்றாள். போனார் என்று தெரிந்தால் போதும், எங்கே முடிந்தார் என்பது தனக்கு வேண்டாம் என்றாள்.

6

முடிவு இல்லாமல் கதை எழுதினால் எனக்குக் கை அரிக்கும். ஆகவே ஹார்முக்குச் சில முடிவுகள்.

ஒன்று: படகு கவிழ்ந்தது. (நீச்சல் தெரியாத குடும்பம். தர்க்கம் சரி, மனசு ஒப்பவில்லை.)

இரண்டு: ஆக்னஸ் முதலில் போனாள். அவர் திரும்பி வர நினைத்து, தன் பெயர் இருக்கும் கல்லை ஒரு நாள் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு— இது அழுகைக்காக எழுதுவது. அடித்துவிட்டேன்.

மூன்று: அக்கரையில் எங்கோ இன்னொரு கல் இருக்கிறது, ஆக்னஸின் பெயருக்குப் பக்கத்தில், இரண்டு வருஷமும் ஒழுங்காக வெட்டி. மாட்டுக்குப் புல்லும் மனுஷனுக்குத் துணையும் கிடைத்தன, அவ்வளவுதான் என்று பாட்டி கதைபோல முடித்துவிடலாம். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதாலேயே இதை நம்பப் பயமாக இருக்கிறது.

7

இதற்கிடையில் கெண்ட் ஒரு காரியம் செய்தான். நல்ல பிள்ளை, எதையும் பாதியில் விடப் பிடிக்காது. குடும்பம் கூடுவதற்குள் ஹார்மின் கல்லை முடித்துவிட வேண்டும் என்று கல்தச்சரிடம் சொல்லிவைத்துவிட்டு, ஒரு வருஷம் சொல்லுங்கள், தோராயமாக இருந்தாலும் பரவாயில்லை என்று அம்மாவிடம் கேட்டான்.

மார்லிஸ் என் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, என்னையே கெண்டாக வைத்துச் சொல்லிப் பார்த்தாள். இரண்டு தடவை பாதியில் நின்றுவிட்டது. மூன்றாவது தடவை வந்தது.

“நிரப்ப வேணாம் கெண்ட். அவர் பக்கம் அப்படியே இருக்கட்டும். என் பக்கமும்.”

மே மாதக் கடைசித் திங்கட்கிழமை, கல்லறைகளுக்குப் பூ வைக்கும் நாள். கெண்ட் காப்பி டப்பாக்களில் பியோனி கொண்டுவந்திருந்தான். பிறகு கோயிலின் கீழ்த்தளத்தில் எல்லாரும் சேர்ந்து சாப்பாடு. அதற்காக நான் உருளைக்கிழங்கும் கொத்துக்கறியும் வைத்துச் சுட்ட பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்திருந்தேன். அடியில் என் பெயர் ஒட்டிய பாத்திரம்.* அவர்கள் குடும்பத்து இறந்தவர்கள், நான் இறங்கவில்லை.

* பெயர் ஒட்டாவிட்டால் பாத்திரம் திரும்பாது. திரும்பினால் வெறுமையாகத் திரும்பாது. இந்த ஒரு விஷயத்தில் அயோவாவும் என் அம்மாவும் ஒன்று.

மார்லிஸ் சொல்வது தெரிந்தது. ஒத்திகை பார்த்தவள் நான், உதடு அசைவதே போதும். கெண்ட் அப்பாவின் தொப்பியைக் கழற்றினான். நெற்றியின் வெயில் படாத மேல்பாதி வெள்ளையாக இருந்தது. சோளக்காட்டைப் பார்த்தான், டாரலின் பெயரைப் பார்த்தான். பிறகு ஏதோ சொன்னான். காற்று அதை வேறு பக்கம் கொண்டுபோய்விட்டது.

அவன் சொன்னது இவற்றில் ஒன்றாக இருக்கலாம்:

“அப்பா தனியாக் கெடப்பாரே.”

“சரி. உன் இஷ்டம்.” (இதற்கு இந்த ஊரில் பதினெட்டு அர்த்தம் உண்டு, அதில் பாதி கோபம்.)

“                              ”

மூன்றாவதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கும் மகன் இருக்கலாம், அம்மா இருக்கலாம்.

மார்லிஸ் காருக்கு வந்து கதவைச் சாத்தினாள். கண் சிவந்திருந்தது. அழுதாளா, காற்றா, தெரியவில்லை. உருளைக்கிழங்கு ஆறிவிடும், போகலாம் என்றாள். பாத்திரத்தை அவள் மடிக்கு மாற்றிவிட்டு நான் வண்டியை எடுத்தேன். என்ன சொன்னான் என்று கேட்டிருக்க வேண்டும். இவர்கள் நேராகக் கேட்பதில்லை என்று இத்தனை பக்கம் நக்கலடித்தவள் நான். முப்பது வருஷத்தில் அந்த நோய் எனக்கும் தொற்றிவிட்டது. மழையைப் பற்றித்தான் பேசினோம்.

அந்த வாரக் கடைசியில் என் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தது கெண்ட். உள்ளே வரச் சொன்னதற்கு மூன்று தடவை மறுத்து வாசலிலேயே நின்றான். நிலம் காய்கிறது, ஒரு மழை வந்தால் தேவலை என்றான். பாத்திரத்தைக் கையில் வாங்கினேன். கனமாக இருந்தது. ஐஸின்மேல், தோலுரித்துச் சுத்தம் செய்த ஆற்று மீன், குளத்துப் பக்கமே போகாதவன் கையால்.

மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவி அன்றைக்கே வறுத்துச் சாப்பிட்டேன். யார் பிடித்த மீன் என்று நான் கேட்கவில்லை.